கோல்மன் கட்டிய பறவைப்பொறி

மேலைக்கடலின் உப்புக்காற்று கல்வேலிகளைத் தழுவிச் சீற, முந்நாள் பெய்த பனி சதுப்பையும் கிழங்குப் பாத்திகளையும் ஒரே வெண்துகிலால் மூடியிருக்க, இரையிழந்த குருவிகள் கூரைகளை நாடி இறங்கிய கனமாராக் கடற்கரைக் காலைப்பொழுதில், கோல்மன் அடுப்பருகே அமர்ந்து ஆற்றுவஞ்சிக் கோல்களால் பறவைப்பொறி கட்டிக்கொண்டிருந்தான். நெடுங்கோல்களைச் சதுரமாக இட்டு, மேன்மேலும் குறுகியவற்றை அடுக்கி, கோபுரமெனக் கூம்பியதும், மூலைக்கு மூலை முறுக்குக் கயிற்றால் இறுக்கி, கயிற்று நுனிகளை உச்சிக்கோலில் பூட்டினான்.

கனல் வாங்க வந்த அண்டைவீட்டு டைக் சிரித்தான். "குருவிக்குக் கூடை கட்டுறியா, ராஜாவுக்குக் கோட்டை கட்டுறியா?"

"காத்துகூட என்கிட்ட கேட்டுட்டுதான் வெளிய போகணும்" என்றான் கோல்மன்.

நெஞ்சுநோயால் கிடந்த, தாயில்லா ஒற்றைமகள் பார்பிரிக்காகவே அவ்வுழைப்பு. செம்முகமும் பொற்சிறகும் கொண்ட பாடுங்குருவியைக் கேட்டிருந்தாள்.

"ஒரே நாள் பாடட்டும்ப்பா. மறுநாள் விட்டுறணும். அடைச்சே வச்சா அதுக்கும் என்னை மாதிரி மூச்சுமுட்டும்."

"விட்டுர்றேன்டா கண்ணு."

நண்பகலில் களஞ்சியத்தின் பின்னே தானியம் தூவி, குருவி தட்டினால் கவிழ்ந்து மூடும்படி பொறியை ஒரு முட்டுக்குச்சியில் சாய்த்து நிறுத்தினான். பொழுது சாயுமுன் மகளின் மூச்சு நின்றது.

இழவுவீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினர், கண்ணாடியை மூடினர், ஊரார் வந்து நிறைந்தனர். மறுநாட் காலை பொறியை நினைந்து எழுந்தவனைத் தங்கை ஊனா தோள்தொட்டு அமர்த்தினாள்.

"பிள்ளை வீட்டுல கிடக்கா, நீ பொறி பார்க்கப் போறியா? அடக்கம் முடியறவரைக்கும் எந்த வேலையிலயும் கை வைக்கக்கூடாதுண்ணே. ஊரு என்ன சொல்லும்?"

அது வேலையன்று, மகளுக்குத் தந்த வாக்கு. ஆயினும், இப்பனியில் எந்தக் குருவி வந்திருக்கப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அமர்ந்தான்.

மூன்றாம் நாள் மகளை மண்ணுக்குள் வைத்துத் திரும்பியவன், நேரே களஞ்சியத்தின் பின்புறம் சென்றான். பொறி விழுந்திருந்தது. தானியத்தில் ஒரு மணியும் எஞ்சவில்லை. கோல்களின் உட்புறமெங்கும் மென்தூவிகள் ஒட்டியிருக்க, மூலையில் செம்முகத்தைச் சிறகுக்குள் புதைத்தவாறு விறைத்துக் கிடந்தது பொற்சிறகுக் குருவி. எந்தக் கோலும் இம்மியளவேனும் நெகிழ்ந்திருக்கவில்லை.

பனியில் மண்டியிட்டு உச்சிக்கோலை உருவினான். கயிறு தளர, கட்டனைத்தும் ஓசையின்றிச் சரிந்து அவன் மடியில் உதிர்ந்தது. குழிமேட்டருகே வராத அழுகை அப்போது வந்தது.

அறிவுசால் அன்பர்களே, மாண்டோர்க்கு ஆற்றும் கடன்கள் பெரியவைதாம். ஆயினும், அவர்கள் இறுதியாய்க் கேட்டுச்சென்ற சிற்றருளினும் அவை பெரியவையல்ல. அதனைக் கோல்மன் அறிந்தபோது, அவன் விடுவிப்பதற்கென்று இவ்வுலகில் எவ்வுயிரும் எஞ்சியிருக்கவில்லை.