பறித்துப் பறித்துக் கேட்ட பாட்டு

மூன்று நாளாகச் சுலோஜனா கதைக்கவில்லை. கோபித்துக்கொண்டு ஈச்சிலம்பற்றில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், புருசன் சுகிர்தன் எடுத்த போன் கோல் ஒன்றுக்கும் பதில் தரவில்லை. துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்த களைப்போடு, மதியச் சாப்பாட்டு நேரம் அவன் காதில் ஹெட்செட்டை மாட்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தான்.

பாட்டு பாதியில் நின்றது. 'வேறொரு போனில் பாட்டு ஓடுகிறது' என்று திரையில் வந்தது. மாதச் சந்தா கட்டி இருவரும் ஒரே கணக்கில்தான் பாட்டுக் கேட்பார்கள். ஒருவர் போட்டால் மற்றவருக்கு நின்றுவிடும்.

சுகிர்தன் துள்ளி எழும்பினான். "அண்ணை, அவள் பாட்டுக் கேக்கிறாள்!"

பக்கத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த பாக்கியரத்தினம் சிரித்தார். "காசும் கட்டி, பாட்டும் பறிபோய், அதுக்கொரு ஆட்டமோ? டவுன்லோட் பண்ணி வையடா. பிறகு ஒருத்தராலும் நிப்பாட்ட ஏலாது."

"ஐயோ, வேண்டாம் அண்ணை!"

அவன் மறுபடி தட்டிப் பாட்டைத் தன் பக்கம் இழுத்தான். அரை நிமிடத்தில் அவள் பறித்தாள். அவன் இழுத்தான், அவள் பறித்தாள். காதில் ஒரு சத்தமும் இல்லாமலே அவன் மூட்டைகளுக்கு நடுவே ஆடினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கடைசியில் போன் அடித்தது.

"ஒரு பாட்டை முழுசாக் கேக்க விடமாட்டியளோ?" என்று சீறினாள் சுலோஜனா.

"ஓம், விடமாட்டன். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"நாளைக்கோ?" அவள் குரல் இன்னும் ஏறியது. "ஏன், இண்டைக்குப் பின்னேரம் பஸ் ஓடாதோ?"