பறளி மணல்திட்டில் தனியாக

தேர்த்திருவிழா முடிந்த மூன்றாவது சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்குக் கல்பாத்தி ஆற்றில் பேடில்போர்டை இறக்கினேன். காற்றடித்து நிரப்பி, மேலே நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் பவ்யா வாங்கி, இரண்டு தடவை ஏறி, மூன்றாவது தடவை விழுந்து, என் தலையில் கட்டிவிட்டுப் போனது. நான் முப்பது தடவை விழுந்து அதில் நிற்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, இதே பலகை ஓட்டும் கொச்சிக் கும்பல் ஒன்றோடு இரண்டு முறை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுப் படுத்தும் இருக்கிறேன். பத்துப் பேர், பத்து விதக் குறட்டை. இந்த முறை தனியாக. பறளி தாண்டி ஒரு மணல்திட்டு, ஒரு ராத்திரி, நான் மட்டும்.

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் எனக்கென்று நான் கேட்ட ஒரே ராத்திரி அது. என் வீட்டுக்காரர் அனந்தநாராயணன் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, போய்ட்டு வா ஸ்ரீஜா. காலம்பற ஆறு மணிக்கு அந்தத் திட்டுக்கு அடுத்த பாலத்தடிக்குக் கார் கொண்டு வரேன்" என்றார். பின்னாலேயே வரக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

முதல் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. யாரோ என்று விட்டுவிட்டேன். தடுப்பணையில் இறங்கி, பலகையைச் சுமந்துபோய் அந்தப் பக்கம் வைத்தபோது, தென்னந்தோப்புக்குள் எங்கள் ஸ்கூட்டர் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணாததுபோல் துடுப்பைப் போட்டேன்.

ஐந்து மணிக்கு மணல்திட்டில் கூடாரம் கட்டி முடித்தேன். எதிர்க்கரையில் ஒரு புங்கமரம். மரத்தைவிட அதன் பின்னால் நின்றவர் அகலம்.

"ஏன்னா! பார்த்துட்டேன். வெளியே வாங்கோ!"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"சத்தியம் பண்ணினேளே! எனக்கு என்ன ஆயிடும்னு பின்னாலேயே வந்தேள்?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. அது எனக்குத் தெரியும்."

"பின்னே?"

இடையில் ஓடும் தண்ணீர்ச் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஊரறியக் கத்தினார். "ராத்திரி ஒத்தைக்குப் படுத்துக்க எனக்குப் பயமாக்கும்!"

கீழே எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வீட்டில் தனியாகப் படுத்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையில் உட்காரவைத்து அழைத்துவர இரண்டு நிமிஷம் போதும். தயிர்சாதமும் இருவருக்குக் காணும். துடுப்பைக் கையில் எடுத்தும்விட்டேன். வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். கொசு கடிக்கிறது, காபி இருக்கா, அது என்ன சத்தம். துடுப்பைக் கீழே வைத்தேன்.

"போய்ப் படுத்துக்கோங்கோ. ஒரு ராத்திரிதானே!"

கரைமேட்டில் ஏறிப் போனார். பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

வடுமாங்காயைக் கடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மணலில் கால் நீட்டிக் கிடந்தேன், நட்சத்திரம் வந்தது, அப்படியே இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் ஆறு மணிக்குப் பாலத்தடியில் பலகையைச் சுருட்டிக் கட்டிவிட்டு நின்றேன். கார் இல்லை. ஆறரைக்கும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மாரடைப்பிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் எல்லாம் மனசில் ஓடின. அழாத குறை. ஏழேகாலுக்குக் கார் வந்தது. சட்டைப் பட்டன் மாறியிருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பு.

"கோச்சுக்காதே. எட்டு மணிக்குக் கண்ணை மூடினவன், இப்போதான் முழிச்சேன். இப்படித் தூங்கி எத்தனை காலமாச்சு தெரியுமா!"

முகம் அப்படிப் பளிச்சென்று இருந்தது. போன உயிர் திரும்பி வந்தாலும், எனக்கு எங்கேயோ சுருக்கென்றது.

"என்னைத் தேடவே இல்லையா?"

"இல்லையே" என்றார் பெருமையாக. காரைக் கிளப்பிக்கொண்டே, "அடுத்தது எப்போ போறே?" என்று கேட்டார்.