ஒன்பதாம் எண் வெளியே

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர்மன் தன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார். துளியைக் கருவியின் பட்டையில் ஒற்றிவிட்டு, எண் வரும்வரை காத்திருந்தார். எதிரில் கோச் நின்றிருந்தார். நாற்காலி இருந்தது. அதன்மேல் சேர்மனின் கோட்டு கிடந்தது.

"சுகர் நூத்தி எண்பது," என்றார் சேர்மன். "நம்ம கிளப்புல ஏறுறது இது ஒண்ணுதான்."

கோச் சிரிக்கவில்லை. கால்பந்து லீக்கில் அணி பட்டியலின் கடைசியில் இருந்தது. சீசன் பாதிகூட முடியவில்லை. 'கோச்சே வெளியே போ' என்று மைதானத்துச் சுற்றுச்சுவரில் யாரோ எழுதியிருந்தார்கள். காவலாளி அதன்மேல் வெள்ளை அடித்திருந்தார். வெள்ளைக்குள்ளிருந்தும் எழுத்து தெரிந்தது.

"போன வாரம் கேலரியில துணியில எழுதிப் பிடிச்சாங்களே, படிச்சியா?"

"படிச்சேன்."

"என்னன்னு?"

கோச் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சொல்லுய்யா. நான் அன்னைக்குக் கண்ணாடி எடுத்துட்டு வரல."

"மாப்பிள்ளைக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினி."

சேர்மன் விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. உன் வீட்டு விருந்து மூணு மாசமா நடக்குது."

அணியில் ஒன்பதாம் எண் போட்டு முன்னால் ஆடுபவன் கோச்சின் மருமகன். சீசன் தொடங்குவதற்கு முன்புதான் கல்யாணம் நடந்தது. அதன்பின் கோச் அவனை எந்த ஆட்டத்திலும் வெளியே எடுத்ததில்லை. முழங்கால் வீங்கியிருந்த நாளிலும் எடுக்கவில்லை. அவனும் கோல் அடித்து நாளாகியிருந்தது.

"கமிட்டி உன்னை மாத்தச் சொல்லுது. நான் பாதி சீசன்ல கோச்சை மாத்துறவன் இல்ல. சனிக்கிழமை நடு ஆட்டத்துல அவனை வெளிய எடு. ஊர் பார்க்கணும். எடுத்தா, சீசன் முடியிற வரைக்கும் நீதான்."

"நல்லா ஆடிக்கிட்டு இருந்தா?"

"ஆடுறானான்னு நான் கேட்டேனா?"

வடக்கு கேலரிக்குப் பின்னால் கோச் வீடு இருந்தது. கிளப்புக்குச் சொந்தமானது. வேலை இருக்கும்வரைதான் வீடு. துணைக் கோச்சாக இருந்த காலத்திலிருந்து அவர் அங்கே இருந்தார். மகள் நடக்கப் பழகியது அங்கேதான். மனைவி கண்ணை மூடியதும் அங்கேதான்.

"சரி," என்றார் கோச்.

அன்று மாலைப் பயிற்சியிலும் கோச் யாரையும் திட்டவில்லை. நிச்சயம் ஆகும்வரை மருமகனும் மற்றவர்களைப் போல 'டேய்'தான். எருமை, தூங்குமூஞ்சி எல்லாம் அவனுக்கும் உண்டு. திட்டு வாங்கினான். ஓடினான். கோல் அடித்தான். நிச்சயமான மறுநாள் கோச் எல்லைக்கோட்டருகில் நின்று, "கொஞ்சம் பின்னால வாங்க மாப்பிள்ளை," என்றார். பத்துப் பேர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார்கள்.

மொட்டை என்று அழைக்கப்பட்ட கோல்கீப்பர் மட்டும் குனியவில்லை. "கோச், எனக்கும் உங்க சொந்தத்துல ஒரு பொண்ணு பாருங்க. நாலு கோல் விட்டாலும் மரியாதை போகாது பாருங்க."

அதன்பின் கோச் மருமகனிடம் குரல் உயர்த்தவில்லை. மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் குறை சொல்லக்கூடாது என்று மனைவி இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் இல்லாததால் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். அவனைத் திட்ட முடியாதபோது மற்றவர்களைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை. மெல்ல மெல்ல அவர் யாரையும் திட்டாமல் விட்டார். அணி தோற்றது.

வெள்ளிக்கிழமை மாலை மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. மருமகன் சோபாவில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டியிருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான்.

"இருங்க மாப்பிள்ளை, இருங்க."

மகள் டீ கொடுத்தாள். "சுவத்துல எழுதினதைப் பார்த்தேன்பா. கையெழுத்து நல்லா இருக்கு."

"காவலாளி மறுபடியும் வெள்ளை அடிக்கிறேன்னான்."

"எத்தனை கோட்டு அடிப்பான் அவன்?"

யாரும் சிரிக்கவில்லை. மருமகன் ஐஸ் பையின் கட்டை இறுக்கினான்.

"ஏதாவது சொல்லணுமா மாமா?"

கோச் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தார். 'நாளைக்கு உங்களை நடுவுல எடுக்க வேண்டியிருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க.' அவ்வளவுதான். பையிலிருந்து நீர் ஒழுகித் தரையில் சொட்டியது.

"ஒண்ணுமில்ல. கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது. நாளைக்கு நான் முழுசா ஆடுறேன் இல்ல?"

"நீங்க இல்லாமலா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் காலியாகாத டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்போ உங்களுக்காக ஒரு கோல் அடிக்கிறேன் மாமா," என்றான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, அவர்கிட்ட சொல்றதுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"என்னம்மா இருக்கு?"

அவள் கதவைச் சாத்தினாள். அவர் இரண்டு படி இறங்குவதற்குள் மாடி விளக்கையும் அணைத்தாள்.

சனிக்கிழமை அவன் சொன்னபடி அடித்தான். முதல் பாதியில், இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய், இடது காலால். கேலரி எழுந்து நின்றது. அவன் கூட்டத்தின் பக்கம் போகவில்லை. நேராகப் பெஞ்சருகில் வந்து கோச்சுக்கு நேரே நின்றான். கட்டிப்பிடிக்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான்.

இடைவேளைக்குப் பிறகு கோச் மேலே பார்த்தார். கண்ணாடி அறையில் சேர்மன் எதையோ மென்றுகொண்டிருந்தார். வாயைத் துடைத்துவிட்டு ஒரு விரலைக் காற்றில் சுழற்றினார்.

கோச் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பந்து வெளியே போனபோது பெஞ்சிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரனை எழுப்பினார். எல்லைக்கோட்டருகில் நின்ற நடுவர் பலகையை உயர்த்தினார். சிவப்பில் ஒன்பது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மருமகன் தன் முதுகைக் காட்டி, நானா என்று சைகையில் கேட்டான். பிறகு நடந்து வந்தான். கால் இழுத்தது. கேலரியில் சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மறுமூலைக்குப் போனது. "மாமாவுக்குப் பொறாமைடா" என்று ஒருவன் கத்தினான்.

"போதும் மாப்பிள்ளை. உட்காருங்க," என்றார் கோச், பெஞ்சைக் காட்டி.

அவன் உட்காரவில்லை. டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனான்.

மீதி நேரத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. இரண்டாவதை மொட்டை கையில் பிடித்துக் கோட்டுக்குள் தவறவிட்டான். ஆட்டம் முடிந்தபின் அவன் கோச்சைத் தாண்டிப் போகும்போது, "நான் உங்க சொந்தம்கூட இல்லையே கோச், என்னை எடுத்திருக்கலாமே," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சேர்மன் விரலைக் குத்தவில்லை. நாற்காலியில் கோட்டும் இல்லை. கோச் அப்போதும் நின்றார்.

"கோல் போட்டவனை வெளிய எடுத்த கோச்சை நான் எப்படிய்யா வெச்சுக்கிறது? ஊர் சிரிக்குது."

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

"அதை வெளிய சொல்லு. சேர்மன் விரலாட்டினா ஆளை மாத்துற கோச்சுன்னு பேர் வரும். அப்புறம் எந்தக் கிளப் உன்னைக் கூப்பிடும்?"

கோச் யோசித்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஜெயிச்சிருந்தா?"

"அடுத்த வாரம் இதையே சொல்லியிருப்பேன்."

ஜன்னலுக்கு வெளியே காவலாளி சுவருக்கு மூன்றாவது கோட்டு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். இனி அது தேவையில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"யார் வர்றாங்க?" என்றார் கோச்.

"பாதி சீசன்ல வெளியாளைத் தேட முடியுமா? வீட்டுக்குள்ளயே பார்த்தேன். உன் மாப்பிள்ளைக்குக் கால் போச்சு, இந்த சீசனோட சரி. ஆனா நேத்துல இருந்து ஊருக்கு அவன்தான் சாமி. நாளைக்குக் காலையில அவன் பயிற்சி எடுக்கிறான்."

கோச் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமையே அவன்கிட்ட பேசிட்டேன்," என்றார் சேர்மன். "சனிக்கிழமை உங்க மாமா உன்னை எடுப்பாரு, அப்புறம் நீ வான்னேன். நல்ல பையன்யா. ஒத்துக்கல. மாமா வீட்டுக்கு வந்து என்னை எடுக்கப்போறதைச் சொல்லிட்டு எடுத்தாருன்னா, எனக்கு இந்த வேலை வேண்டாம், அவரையே வெச்சுக்கங்கன்னான். அதுலயே நின்னான். நானும் சரின்னேன்."

அவர் கருவியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை."

கோச் மைதானத்தைச் சுற்றி வராமல் புல்லின் குறுக்கே நடந்து வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. மகளிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. அவள் ஸ்டூல்மேல் நின்று ஜன்னலை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

"பின் ரூம்ல இருந்த வலையெல்லாம் எடுத்து வெளிய போட்டாச்சுப்பா," என்றாள் திரும்பாமல். "உங்க கட்டில் அதுக்குள்ள அடங்கிடும். அம்மா அலமாரிதான் வாசல்ல நுழையல."

மருமகன் கோச்சின் நாற்காலியில் இருந்தான். காலை முக்காலியில் நீட்டியிருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் விடவில்லை. சுவரோரம் ஒரு மரப் பெஞ்ச் கிடந்தது. டிரெஸ்ஸிங் ரூமுக்குப் புதிது வந்தபோது கிளப் கழித்துப்போட்டது. கோச்தான் தூக்கிவந்து போட்டிருந்தார். மகள் அதன்மேல் இருந்த துணிகளை ஒதுக்கி ஓர் ஆள் அளவுக்கு இடம் செய்திருந்தாள்.

கோச் கதவருகில் நின்றார். கையில் சாவி இருந்தது.

மருமகன் பெஞ்சைக் காட்டினான். குரலில் மரியாதை குறையவில்லை.

"உட்காருங்க மாமா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"