ராஜமாணிக்கத்தின் முறியாத இடுப்பு

தன் இடுப்பு எலும்பு முறிந்துவிட்ட செய்தி ராஜமாணிக்கத்துக்குப் போனில்தான் தெரிந்தது. சொன்னவன் அவருடைய ஒரே மகன் பிரசாத்.

"அப்பா, கோவிச்சிக்காதீங்க. நீங்க இடுப்பு ஒடைஞ்சி படுத்த படுக்கையா கெடக்கறீங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"நானா? எப்படா ஒடைஞ்சது?"

"போன வாரம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டீங்க."

ராஜமாணிக்கம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கம் சாலைப் பள்ளங்களில் பஸ்ஸின் ஜன்னல்கள் கழன்றன, சீட்டுகள் கழன்றன, ஒருமுறை டிரைவரின் பல்செட்டே கழன்று ஸ்டியரிங்கில் விழுந்தது. கடைசிவரை கழலாமல் வீடு வந்து சேர்ந்தது இந்த இடுப்பு ஒன்றுதான். அதைப் போய் உடைத்துவிட்டானே பாவி!

சுனாமி அடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தமான் என்ற பேரைச் சொன்னாலே அவர் மனைவி சந்திரகலா விளக்கேற்றி வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிடுவாள். அந்த அந்தமானுக்குத்தான் பிரசாத் நண்பர்களோடு லீவில் போனான். நண்பர்கள் திரும்பி வந்தார்கள். இவன் ஒரு குட்டித் தீவில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். மடியில் லேப்டாப், காலடியில் கடல், படகுத்துறையில் ஒரு இன்டர்நெட் கடை. கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை. அதைச் சென்னையில் ஏ.சி.க்குக் கீழே விறைத்துக்கொண்டு போட்டால் என்ன, தென்னைக்குக் கீழே போட்டால் என்ன?

இந்த நியாயம் மேனேஜர் ஆதிமூலத்திடம் எடுபடாது. பாட்டி செத்துவிட்டாள் என்று லீவு எடுத்துக்கொண்டு கொடைக்கானலில் போட்டோ எடுத்துக்கொண்ட ஒரு பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். ஆனால் அப்பாவுக்கு முடியவில்லை, திருவண்ணாமலை வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்றதும் மனுஷர் உருகிவிட்டார். வீட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த நம்பர்தான் ராஜமாணிக்கத்தின் உயிரை எடுத்தது.

"ஒலகத்துல இருக்கறவன்லாம் நிம்மதி வேணும்னு கப்பல் ஏறி, ப்ளேன் ஏறி நம்ம தெருவுல வந்து உக்காந்திருக்கான்" என்று குமுறினார். அவர் வீடு ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையிலேயே இருந்தது. எதிர்க் கடையில் நாலு வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம வூட்டுப் புள்ளைக்கி மட்டும் நிம்மதி கடலுக்கு அந்தாண்ட கெடக்குது!"

"வேலையாச்சும் இருக்குதே" என்றாள் சந்திரகலா.

அதோடு அவர் பார்வை நடு வீட்டுச் சுவருக்குப் போய்விடும். படிப்பை முடித்துவிட்டு ரெண்டு வருஷம் வேலையில்லாமல் நடு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பிரசாத். அவன் பார்த்த பார்வையில் சுவரில் ஓட்டை விழாததுதான் பாக்கி. அந்தப் பையனை இன்னொரு முறை அந்தச் சுவருக்கு முன்னால் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. ஆகவே முனகினார்.

போன் அடிக்கும். ஊரே திரும்பிப் பார்க்கிற கண்டக்டர் குரலைத் தொண்டைக்குழியில் மடித்து வைத்து, "அம்மா… யாருங்க…" என்று இழுப்பார்.

"ஆதிமூலம் பேசறேங்க. உடம்பு எப்படி இருக்குது? பிரசாத் இருக்கானா?"

"மருந்து வாங்கப் போயிருக்கான் சார்… வந்ததும் பேசச் சொல்றேன்… ரைட்!"

கடைசியில் அந்த 'ரைட்' மட்டும் மடிபடாமல் வெளியே குதித்துவிடும். ஒவ்வொரு பேச்சையும் அப்படி முடித்து முடித்துப் பழகிய வாய். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் ஒரு பஸ்ஸையே கிளப்பிவிடுகிற சத்தத்தில் அது கேட்கும்.

"முனகறீங்களே, எரும கன்னு போடற மாதிரி இருக்குது" என்பாள் சந்திரகலா. "அவரு மாட்டு டாக்டர அனுப்பிடப் போறாரு."

அவர் போனை வைத்துவிட்டு மகனின் செல்போனுக்கு அடிப்பார். பிரசாத் சிக்னல் விட்டுப்போகாமல் கிடைக்கும் படகுத்துறைக்கு ஓடி, அங்கிருந்து மேனேஜருக்குப் பேசுவான். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் கடல் சும்மா இருக்குமா?

"பிரசாத், அது என்னய்யா சத்தம்? ஹோன்னு கேக்குதே?" என்று ஒரு நாள் ஆதிமூலம் கேட்டார்.

"கிரிவலக் கூட்டம் சார். எங்க வூட்டு வாசல்லதான் போவாங்க."

"இன்னைக்கிப் பௌர்ணமி இல்லையே?"

"தெனமும் போவாங்க சார். அப்படி ஒரு பக்தி."

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது. பொய்யாக ஒரு ஊரில் இருக்க வேண்டுமானால், யாரும் எட்டிப் பார்க்காத ஊராகப் பார்த்து இருக்க வேண்டும். மாதம் தவறாமல் பாதிச் சென்னை வந்து இறங்குகிற ஊரிலா ஒருவன் பொய்யாகக் குடியிருப்பான்? பிரசாத் குடியிருந்தான். பலன், ஆதிமூலத்துக்கு மெய்சிலிர்த்துவிட்டது. போனிலேயே இப்படிக் கேட்கிறதே, நேரில் எப்படி இருக்கும்!

"அப்பா, சார் இந்தப் பௌர்ணமிக்கி வர்றாராம்" என்று பிரசாத் போனில் அலறினான். "அப்படியே உங்களையும் பாக்கறாராம்!"

"நீ கெளம்பி வாடா!"

"கப்பல் வுடல. காத்து ஜாஸ்தியா இருக்குது. நீங்க படுத்துக்கோங்க, போதும். நான் வேலூருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போயிருக்கறதா சொல்லிடுங்க. மாட்டிக்கிட்டா வேலை போயிடும்பா."

"பௌர்ணமி அன்னைக்கி வெரதம். எனக்குப் பொய் சொல்ல வராது" என்று சந்திரகலா அப்போதே கையை விரித்துவிட்டாள். "நீங்க பாத்துக்கோங்க."

இதில் ராஜமாணிக்கத்தின் தனித் துக்கம் ஒன்று இருந்தது. பௌர்ணமிதோறும் வீட்டு வாசலில் அண்டா வைத்து நீர்மோர் கொடுப்பார். நடக்கிறவர்கள் அவருடைய மோருக்காகவே மலையைச் சுற்றுவதாகவும், அண்ணாமலையாரே கோபுரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்ததாகவும் அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கரண்டியை இந்த முறை மச்சான் அர்ஜுனனிடம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அர்ஜுனன் சந்திரகலாவின் தம்பி. நல்லவன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பௌர்ணமி அன்று சாயங்காலம் ராஜமாணிக்கம் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தார். அவசரத்தில் சந்திரகலா துணிக்கட்டை முழங்காலில் போட்டுவிட்டிருந்தாள். இடுப்பில் கட்டத் துணி பத்தவில்லையாம். உள்ளே புழுக்கம் எப்படி என்றால், அவர் மேல் ஒரு அரிசியைப் போட்டிருந்தால் பொரியாகியிருக்கும். வெளியே சாலை நிறைய வெறுங்கால்கள். 'அண்ணாமலைக்கு அரோகரா' என்ற சத்தம் அலை அலையாக வந்து ஜன்னலில் மோதியது. பையன் சொன்னது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை என்று அவருக்கே தோன்றியது.

அப்போது ஒரு குரல் கேட்டது. "இன்னாங்க மோரு இது? பச்சத் தண்ணி மாதிரி இருக்குது!"

ராஜமாணிக்கம் பல்லைக் கடித்தார்.

"உப்பு கம்மியா?" என்றான் அர்ஜுனன். "இருங்க, போடறேன்."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல். "ஐயோ, கடல் தண்ணி!"

ராஜமாணிக்கம் தலையணையைக் கடித்தார்.

"வரிசைல வாங்க… அட, ஒருத்தரு மேல ஒருத்தரு ஏறாதீங்க… அக்கா! அண்டா சாயுதுக்கா!"

அவ்வளவுதான். போர்வை ஒரு பக்கம் பறந்தது, கட்டில் ஒரு பக்கம் நகர்ந்தது. இடுப்பு ஒடிந்த மனிதர் வாசற்படிகளை ஒரே தாவலில் தாண்டி, சாய்ந்த அண்டாவை மார்பால் முட்டி நிமிர்த்தினார். அர்ஜுனனின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"முன்னாடி போ, முன்னாடி போ! உள்ள எடம் இருக்குது! வாங்கினவங்க எறங்கு, வாங்காதவங்க ஏறு! யம்மா, கொழந்தைய முன்னாடி வுடு… ரைட்!"

ஒரு கூட்டம் ஒரு நொடியில் பஸ்ஸாக மாறிவிட்டது. எல்லாரும் உள்ளே தள்ளிப் போனார்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் விழுந்த மாத்திரத்தில் மோர் சரியாகிவிட்டது. அவர் சுகமாக ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளருக்கு ஒரு ரைட்.

வேட்டியும் விபூதியுமாக, வெறுங்கால் கொப்புளித்து நொண்டிக்கொண்டு வந்த ஒருவர் ரெண்டாவது டம்ளரை வாங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"ஐயா, உங்க குரல எங்கியோ கேட்டிருக்கேன். குறிப்பா அந்த ரைட்ட."

"பஸ்ல கேட்டிருப்பீங்க."

"பஸ் இல்லீங்க… இங்க ரிட்டயர்டு கண்டக்டர் ராஜமாணிக்கம் வீடு எது? அவருக்கு இடுப்புல அடி."

"இவர்தாங்க அவரு!" என்றான் அர்ஜுனன், பெருமையாக.

கரண்டி அண்டாவுக்குள் முழுகியது. ராஜமாணிக்கம் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். அதே நேரம் பார்த்து முழங்கால் கட்டு அவிழ்ந்து பாதத்தில் வந்து உட்கார்ந்தது.

"இடுப்பு?" என்றார் ஆதிமூலம்.

"சேந்துடுச்சுங்க. இப்பதான். பௌர்ணமி பாருங்க."

"பிரசாத் எங்க?"

"வேலூருக்கு ஸ்கேன்…" என்று ராஜமாணிக்கம் முனகத் தொடங்கும்போது, தாம்பாளத்தில் சுண்டலோடு வெளியே வந்த சந்திரகலா, "அந்தமான்ல இருக்கான் சார்" என்றாள். "தீவுல. சுண்டல் எடுத்துக்கோங்க."

ஆதிமூலத்தின் முகம் விபூதியையும் மீறிச் சிவந்தது. "அப்ப நான் போன்ல கேட்டது…"

"கடலுங்க" என்றாள் விரதக்காரி.

"நாளைக்கிக் காலையில மொத வேலையா…" என்று ஆதிமூலம் விரலை நீட்டினார். ராஜமாணிக்கத்தின் கண்முன் அந்த நடு வீட்டுச் சுவர் வந்து நின்றது.

அந்த நேரத்தில் ஆதிமூலத்தின் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் உடம்பு நேராகிவிட்டது. அது அவருடைய முதலாளி.

"சார்! சொல்லுங்க சார்! ஆமா சார், மகாபலிபுரம் சைட்லதான் இருக்கேன் சார். காலையில இருந்து இங்கதான். சத்தமா சார்? அது… அலை சார்! கடல் அலை!"

சரியாக அப்போது சாலை நிறைய ஒரு குரல் எழுந்தது. "அண்ணாமலைக்கு…"

"அரோகரா!"

ஆதிமூலம் நெற்றி வியர்வை விபூதியில் வழிய, "மீனவங்க சார்… வலை இழுக்கறாங்க… ஆமா, மொத்தமா சேந்து…" என்று தந்தியடித்தார். கண்கள் ராஜமாணிக்கத்தின் மேல் வந்து விழுந்தன. விரலை நீட்டிய அதே கை இப்போது கெஞ்சியது.

ராஜமாணிக்கத்துக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது பாருங்கள், ஒரு லாரி சர்க்கரை கொட்டினாலும் அந்தத் தித்திப்பு வராது. போனை நோக்கிக் குனிந்தார். மாதக்கணக்காகத் தொண்டையில் மடித்து வைத்திருந்த முழுக் குரலையும் பிரித்து விட்டார்.

"ஐலசா! இழு, இழு! அந்தாண்ட புடி! ஏலேலோ…"

"ஐலசா!" என்றது மோர் வரிசை. ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் சொன்னால் செய்கிற ஜனம். அர்ஜுனன் மட்டும் கொஞ்சம் தாமதமாக, தனியாக ஒரு ஐலசா போட்டான்.

முதலாளிக்குத் திருப்தி. போன் அடங்கியது. ஆதிமூலம் வாசற்படியில் உட்கார்ந்தார். ராஜமாணிக்கம் தானே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லீவு கேட்டேன். தரல" என்றார் ஆதிமூலம், டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

"பையனும் கேட்டிருந்தா நீங்க தந்திருக்க மாட்டீங்க."

ஆதிமூலம் டம்ளரைக் கீழே வைத்தார். காலில் இருந்த கொப்புளத்தைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தத் தீவுல கரண்ட் ஒழுங்கா இருக்குமா?"

பிரசாத்தின் வேலை தப்பியது. அடுத்த பௌர்ணமி வரும் முன்பே ஒரு நாள் மத்தியானம் ராஜமாணிக்கம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. எதிர்முனையில் இதுவரை கேட்டிராத ஒரு கனத்த குரல், ஆதிமூலத்தின் முதலாளி. தன் மாமா இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடப்பதால் இந்த நம்பரில்தான் இருப்பதாக ஆதிமூலம் சொல்லிவிட்டுப் போனாராம்.

ராஜமாணிக்கம் சோற்றுக் கையோடு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா… மருந்து வாங்கப் போயிருக்காரு சார்… ஆமா, அவரும்தான்… ரைட்!"

போனை ஓங்கி வைத்தார். "யாருங்க?" என்று கேட்டாள் சந்திரகலா.

"இன்னொரு புள்ளையப் பெத்திருக்கேன். சோத்தப் போடுடி. சாப்புட்டுட்டு ரெண்டு பேருக்கும் முனகணும்."