ஓட்டை வைத்த பெட்டி

விருதுநகரில் சீனிச்சாமியின் கார் சவுண்டு கடைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே செழியனுக்குக் கோபம் சுள்ளென்று ஏறிவிட்டது. ஆம்ப்ளிபயர் அட்டையில் சிவப்பாக, கொட்டை எழுத்தில், மூவாயிரம் வாட் என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் எறும்பு எழுத்தில் இருநூற்றைம்பது.

"மிச்சம் எங்கண்ணே போச்சு?"

"மூவாயிரம்கிறது உச்சம் தம்பி. கண்ணு இமைக்கிற நேரத்துக்கு வரும், போயிரும். நின்னு இழுக்கிறது இருநூத்தம்பதுதான்."

"கண்ணு இமைக்கிற நேரத்துக்கு நானும் கலெக்டருதான்."

சீனிச்சாமி கூச்சப்படவில்லை. "எல்லாப் பயலும் அப்படித்தான் அடிச்சு விக்கான். ஒனக்கு எதுக்கு வேணும், அதைச் சொல்லு."

செழியன் வேன் ஓட்டுகிறான். காலையில் திருத்தங்கலில் பெண்களை ஏற்றி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். பட்டாசுக் கம்பெனி என்றால் காது கிழியும் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். உள்ளே ஒரு டம்ளர் விழுந்தால்கூட அத்தனை தலையும் திரும்பும். போன் கூடாது, ரேடியோ கூடாது. பகல் முழுக்க அப்படி இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு வேனில்தான் பாட்டு. அந்தப் பாட்டையும் இன்ஜின் சத்தம் தின்றுவிடும். 'கொசு பாடுதுலே' என்று போன வாரம் சின்னத்தாய் சொல்ல, வேனே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவனுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

சீனிச்சாமி இரண்டு பெட்டிகளைப் போட்டுக் காட்டினார். மூடின பெட்டியில் மேளம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல் கேட்டது. அதே பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரை ஓட்டை வைத்த பெட்டியில் மாட்டியதும் மேஜை மேலிருந்த சாவிக்கொத்து நகர்ந்தது.

"பாட்டுதான கேக்கப்போறே? மூடுனது போதும். அளவா நிக்கும், எடத்தையும் அடைக்காது. மத்தது சும்மா தூக்கி அடிக்கும்."

"தூக்கி அடிக்கிறதையே குடுங்க. என்னைக் கொசுன்னுட்டாக."

ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்குத் தோதாக அந்த இருநூற்றைம்பது வாட்டையே எடுத்துக்கொண்டான். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பியூஸ் போட்டு, கடைசி சீட்டுக்குப் பின்னால் பெட்டியை இறுக்கியாயிற்று.

மறுநாள் சாயங்காலம் கம்பெனிச் சுவரை ஒட்டி வேனை நிறுத்தினான். பெண்கள் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பின்கதவைத் தூக்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டினான்.

தும். தும்.

சுவருக்கு அந்தப்பக்கம் அலறல் கேட்டது.

இந்த வட்டாரத்தில் தரை அப்படி அதிர்ந்தால் யாரும் என்ன ஏதென்று கேட்க மாட்டார்கள். ஓடுவார்கள். இங்கே பிறந்து வளர்ந்த செழியனுக்கு அது தெரியாதா? தெரியும். கொசு என்ற கோபத்தில் மறந்து போனான். பாய்ந்து பாட்டை அணைத்தான்.

அவன் வேனில் வருகிற பாண்டிலட்சுமியைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு வந்தார்கள். முழங்கால் பிளந்து, காலில் ஒட்டியிருந்த வெள்ளிநிறப் பட்டாசு மருந்துத்தூள் மேல் ரத்தம் வழிந்தது. பின்னாலேயே போர்மேன் கருத்தப்பாண்டி வந்தார்.

"பெட்டியக் கழட்டுலே! இப்பவே கழட்டு. இல்லாட்டி நாளைக்கு வேற வேன்."

செழியன் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தான். ஒரு போல்ட்டு கழன்றது.

"எப்படிம்மா விழுந்த?" என்று நிமிராமலே கேட்டான்.

"பின்வாசலுக்கு ஓடுனேண்ணே. அங்கன ஆள் ஒசரத்துக்கு அட்டைப்பெட்டி. திரும்புனா எல்லாரும் என் மேல."

ஸ்பேனர் நின்றது.

"சீசன் லோடு," என்றார் கருத்தப்பாண்டி. "நாளைக்கு லாரில ஏறிரும்."

"மூணு வாரமா நாளைக்குத்தான் ஏறுது," என்றாள் சின்னத்தாய். "நெசமா வெடிச்சிருந்தா?"

"வெடிக்கலைல்ல?"

இந்த மனுஷனுக்கு அது ஒரு பதில்! அதுவரை செழியனுக்குத் தன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் இடம் மாறியது. எழுந்தான். வேன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டான்.

"நான் பண்ணுனது தப்புதான். என் பெட்டிய நான் பாத்துக்கிடுதேன். உள்ள இருக்கிற பெட்டி வெளிய வராம வேன் நகராது."

"ஒனக்கென்னலே வந்துச்சு? நீ வேன் ஓட்டுதவன். வேற வேனுக்கு இப்பமே போன் போடவா?"

"போடுங்க. ஏறுறதுக்கு ஆளு வேணும்லா," என்றாள் பாண்டிலட்சுமி, முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டே.

ஒருத்தியும் ஏறவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் கருத்தப்பாண்டியே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார். எல்லாம் வெளியே வந்ததும் சின்னத்தாய் உள்ளே போய், பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். திரும்ப ஒருமுறை போய் வந்தாள். அதன்பிறகுதான் வேன் கிளம்பியது. பாட்டு இல்லாமல்.

ராத்திரி சீனிச்சாமிக்குப் போன் போட்டான். "பெட்டிய மாத்துறது பொறவு. இப்போதைக்கு அந்த ஓட்டையில ஸ்பாஞ்ச திணிச்சு அடை. முக்காவாசி அடங்கிரும்," என்றார். பழைய சீட்டைக் கிழித்துத் திணித்தான். தும் என்பது போய், மேளம் மேளமாகக் கேட்டது. முதலிலேயே அந்த ஆள் சொன்ன சத்தம்.

காலையில் திருத்தங்கலில் அவன் நிறுத்துகிற இடத்தில் வேறு வேன் நின்றது. கருத்தப்பாண்டி சொன்னதைச் செய்துவிட்டார். செழியன் தள்ளி நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பெண்கள் அந்த வேனைச் சுற்றி நின்றார்கள். சின்னத்தாய் அந்த டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் தலையை விட்டாள்.

"தம்பி, பாட்டு இருக்கா?"

"ரிப்பேரும்மா."

"அப்ப நீங்க கெளம்புங்க," என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு செழியனின் வேனை நோக்கி நடந்தாள்.