தாடிக் கழுகைப் பார்க்கப் போன கப்பல்

பள்ளத்தாக்கின் அடியில் கயிற்றில் கட்டியிருந்த வான்கப்பலின் வயிறு சுருங்கித் தொங்கியது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆட்டிடையன் செல்லோ அதைச் சுற்றி வந்தான்.

“ஏன் அக்கா, இதுக்குக் களி கிண்டிப் போடலியா?”

“மேல போகப் போகத் தானே ஊதிக்கும். உன்னைப் பார்த்ததும் உன் மாமியா மூஞ்சி ஊதிக்குதே, அந்த மாதிரி,” என்றாள் லிமகட்ஸோ.

குளிர்காலம் முழுக்க அவள் கையாலேயே வெட்டி ஒட்டிய கப்பல் அது; ஆள் ஏறாமல், கேமராவோடு, தரையிலிருந்தே விசைப்பெட்டியால் ஓட்டுவது. எதிர்ச் செங்குத்துப் பாறையில் தாடிக் கழுகின் கூடு இருந்தது. ட்ரோன் இரைச்சல் கேட்டால் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். இந்தக் கப்பலோ ஓசைப்படாமல் அருகில் போய் நிற்கும். கூட்டில் குஞ்சு இருப்பதைப் படத்தோடு காட்டினால், சட்டப்படி சாலைக்காகப் பாறைக்கு வெடி வைக்க முடியாது. காட்டாவிட்டால் மறுநாளே வெடி.

அவள் சம்பளம் வாங்கும் சாலை வேலையின் அதிகாரி மொலாபோ ஜீப்பிலிருந்து இறங்கினார்.

“அரை வயித்தோட இதைப் பறக்க விடுவியா? முழுசா நிரப்பு.”

“நிரப்பினா உயரத்துல வாயு விரிஞ்சு துணி கிழிஞ்சுடும் ஐயா.”

“அப்போ பறக்கவே வேண்டாம். அந்தக் கூடு காலிதான். எங்க ஆளுங்க கீழேருந்து பார்த்தாச்சு.”

“கீழேருந்து பார்த்தா உங்க தலைகூடத்தான் காலியாத் தெரியுது.”

செல்லோ கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டான். லிமகட்ஸோ கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கப்பல் ஏறியது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாறையோரக் காற்று கப்பலின் மூக்கைத் திருப்பியடிக்க, அவள் விசையைத் தளர்த்திப் பின்வாங்கி, மறுபடியும் மெல்ல நெருங்கினாள். விசைப்பெட்டியின் திரையில் தாய்ப்பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.

“பார்த்தியா, ஒண்ணுமில்ல. இறக்கு.”

“இறக்க மாட்டேன்.”

“வேலை போயிடும்மா.”

“போகட்டும். அது மேல நிக்கிற வரைக்கும் விசை என் கையில.”

மொலாபோ விசைப்பெட்டியைப் பிடுங்கக் கையை நீட்டினார். செல்லோவும் வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு இடையர்களும் கழிகளை ஊன்றியபடி நடுவில் வந்து நின்றார்கள். நேரம் ஊர்ந்தது. அவளுடைய விரல்கள் குளிரில் மரத்துப்போயின.

ஆண் கழுகு எலும்பொன்றைக் கவ்விவந்து இறங்கியது. பெண் எழுந்து வழிவிட்டது. சாம்பல் நிறப் பஞ்சுத் தலையொன்று வாயைப் பிளந்தது.

படங்களை வனவிலங்கு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் திரையை மொலாபோவின் பக்கம் திருப்பினாள்.

“பேட்டரி தீர இன்னும் நேரமிருக்கு. உக்காந்து பாருங்க ஐயா. நான் இறக்கப் போறதில்ல.”