முழுங்கிய வரி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை முழுக்க ஊசி குத்திவிட்டு, சின்னவள் நேராக நூலகத்து மாடிக்கு வந்து சேர்ந்தாள். கையில் எதிர்வசனம் எழுதிய இரண்டு தாள்கள். ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டு காத்திருந்த நாள் இது.

மாடியில் நாடகக் குழுவுக்கு ஆள் தேர்வு. குழு என்றால், வேலை முடிந்து வந்து ஆசைக்கு நடிக்கிறவர்கள்தான். வங்கிக்காரர்கள், டீச்சர்கள், ஒரு மளிகைக் கடைக்காரர். இயக்குகிறவர் பல் டாக்டர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. தேர்வுக்கு வருகிறவர் வசனம் பேச, எதிரே ஒருவர் உட்கார்ந்து எதிர்வசனம் வாசிப்பார். எதிர்வசனம் வருகிறதோ இல்லையோ, நடிக்கிறவர் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. டாக்டரைத் திரும்பிப் பார்த்து 'சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீட்டுக் கிழிந்தது. "மேடையில யாரக் கூப்பிடுவீங்க?" என்பார். நாற்காலியில் வாயைத் திறந்தவனை நடுவில் மூட விடாத மனுஷன், வேறு எப்படி இருப்பார்?

போன வருஷம் கதாநாயகி வேஷம் கேட்டுச் சின்னவள் வந்து நின்றாள். எதிர்வசனம் வாசித்தவர் அவளுடைய அக்கா புருஷன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அழுகிற கட்டத்துக்கு முன்னால் அத்தான் ஒரு வரியை அப்படியே முழுங்கிவிட்டார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டோரம் ஒரு சிரிப்போடு அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கடைசியில், "சார், அத்தான் வரியச் சொல்லல" என்றாள். தீர்ந்தது. வேஷம் அத்தானுடைய மேனேஜர் சம்சாரத்துக்குப் போனது.

அதோடு விட்டாரா? வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், வசனம் மறந்துவிட்டாள் என்று சொல்லி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டுவார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அக்கா பிள்ளைகளுக்கு அவள் 'மீன் சித்தி' ஆகிப்போனாள். அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று சொன்னபோது பெற்ற அம்மாவே நம்பவில்லை. "உனக்கு மறந்துபோச்சு. அதுக்கு மாப்பிள்ளை தலையில பழியப் போடுறியா?"

நடந்ததை அவர் வாயாலேயே, எல்லோர் முன்னாலும் சொல்ல வைக்க வேண்டும். சின்னவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காகவே இந்த வருஷம் டாக்டரிடம் போய், "எனக்கு வேஷமெல்லாம் வேண்டாம் சார், எதிர்வசனம் வாசிக்கிறேன்" என்றாள். அந்த வேலைக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. அவர் உடனே தலையாட்டிவிட்டார்.

அத்தான் வெள்ளைப் பேன்ட்டில் வந்தார். இந்த வருஷ நாடகத்தின் கதாநாயகன் தான்தான் என்று அலுவலகம் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. மேனேஜர் சம்சாரம் இரண்டாவது வரிசையில். பக்கத்திலேயே அக்கா.

"என்ன மீனு, நீதான் வாசிக்கிறியா? தண்ணி கிண்ணி வேணுமா?" என்றார் அத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எனக்கெதுக்கு அத்தான்? நீங்கதானே பேசப் போறீங்க."

கட்டம் இதுதான். தங்கை மேல் பொய்ப்பழி சுமத்தி வீட்டை விட்டு விரட்டிய அண்ணன், பின்னால் அவளைத் தேடிவந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். "போதும், எழுந்திருங்க அண்ணா" என்று தங்கை சொன்னதும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மண்டியிட்டார். குரல் கணீரென்று இருந்தது. "நான் செஞ்சது தப்பும்மா. இந்த அண்ணனை மன்னிச்சிடு."

சின்னவள் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

மின்விசிறி கடகடத்தது. அத்தான் அதே வரியை இன்னொரு தரம், கொஞ்சம் அழுகை சேர்த்துச் சொன்னார். அவள் அசையவில்லை. "மன்னிக்க மாட்டியாம்மா?" என்று சொந்தச் சரக்கை எடுத்துவிட்டார். கனத்த உடம்பு, சிமெண்டுத் தரை. ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்கு மாறினார்.

"ஏய், விளையாடாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"விளையாடறேனா?" சின்னவள் சத்தமாகவே கேட்டாள். "யாருண்ணா விளையாடினது? தப்பு தப்புன்னு சொன்னா ஆச்சா? என்ன தப்புன்னு சொல்லுங்க."

அத்தானின் தலை டாக்டர் பக்கம் பாதி திரும்பியது. வாய் 'சா' என்று பிளந்தும்விட்டது. சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை பொடித்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"உன் மேல... பழி போட்டேம்மா."

"என்ன பழி?"

"உனக்கு மறந்துபோச்சுன்னு... எல்லார்கிட்டயும் சொன்னேன்."

நாடகத்தில் இப்படி ஒரு வரியே கிடையாது; கட்டிச் சொல்ல வேறு கதையும் அத்தானுக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மறந்துபோச்சா எனக்கு?"

"இல்ல. நான்தான் வரிய முழுங்கிட்டேன்."

"தெரியாமலா, தெரிஞ்சேவா?"

எழுந்து போனால் வேஷம் போயிற்று. சொன்னால் மானம் போயிற்று. வேஷத்தின் மேல் ஆசை அவருக்கு அவ்வளவு இருந்தது.

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"அந்த இடம் வேற ஒருத்தருக்கு வேணும்னு..." அவர் கண் ஒரே ஒரு கணம் இரண்டாவது வரிசைக்குப் போய்த் திரும்பியது. மேனேஜர் சம்சாரம் கைப்பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

"ஏங்க, நெஜமாவா?" என்றாள் அக்கா. அவள் நடிக்க வந்தவள் இல்லை. அவளுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. "அப்ப நீங்க வாயப் பொளந்து பொளந்து காட்டினீங்களே, நானும் கூட உக்காந்து சிரிச்சேனே." அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் கீழ்வாசல் வரை கேட்டது.

"சரி" என்றார் டாக்டர். "அண்ணன் இவர்தான். தங்கை நீங்க."

"நான் வேஷம் கேக்கலையே சார்."

"கேக்காம இருந்தப்பதான் நல்லா பண்ணீங்க. இப்பப் பேசினதெல்லாம் அப்படியே நாடகத்துல வரணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அதெல்லாம் சும்மா வாய்க்கு வந்தது. பழைய வசனமே இருக்கட்டுமே."

"நெஜம் மாதிரியே இருந்துச்சு சார்" என்றார் மளிகைக் கடைக்காரர், ஒன்றும் அறியாதவர்போல.

ஒவ்வொரு ஒத்திகையிலும், அப்புறம் அரங்கம் நிறைந்த மேடையில், மேனேஜர் முன்னால், அலுவலகம் முன்னால், அத்தான் இதையே சொல்லியாக வேண்டும். சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

"நடிக்கிறேன் சார்" என்றாள்.

அத்தான் இன்னும் தரையில்தான் இருந்தார். முட்டி மரத்துப்போயிருந்தது. தூக்கிவிடச் சொல்லி அவளை நோக்கிக் கையை நீட்டினார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, தாள்களை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, அவர் முட்டி பதிந்திருந்த இடத்தைக் கால்விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நாளைக்கு இதே இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம் அத்தான்."